பீர் ஈஸ்ட்: நாயின் தட்டிலும் குதிரையின் தொட்டியிலும்

குதிரை வைத்திருப்பவரும் நாய் வைத்திருப்பவரும் ஒரே கடைக்குப் போய் ஒரே டப்பாவை வாங்கி வருவது அபூர்வம். ‘ப்ரூவர்ஸ் ஈஸ்ட்’ என்று கடைக்காரர் எடுத்துத் தரும் பழுப்பு நிறத் தூள் அப்படிப்பட்ட பொருள். உடம்பு மினுமினுக்க வேண்டும், குளம்பு வெடிக்கக் கூடாது, தீனி நன்றாக எடுக்க வேண்டும் என்று குதிரைக்காரர் வாங்குகிறார். முடி கொட்டுவது நிற்க வேண்டும், தெள்ளுப்பூச்சி ஓட வேண்டும் என்று நாய்க்காரர் வாங்குகிறார். இருவருடைய ஆசையிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, கொஞ்சம் வெறும் பேச்சும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இந்த அத்தியாயத்தின் வேலை. அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சமையலறைத் தராசு ஒன்றும், பள்ளியில் படித்த பெருக்கலும் வகுத்தலும் போதும்.

தூள் எப்படி உண்டாகிறது

பீர் ஆலையில் முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பான சாறு எடுக்கிறார்கள். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைக் கசப்புக்கும் மணத்துக்கும் அதில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் உயிருள்ள நுண்பூஞ்சை. அது சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். மாற்றிக்கொண்டே தானும் பல மடங்கு பெருகும். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் சேறு போலப் படியும். அடுத்த தொட்டிக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைக் கழுவிச் சூடான உருளைகளிலோ சூட்டுக் காற்றிலோ உலர்த்துகிறார்கள். அந்தச் சூட்டில் செல்கள் செத்துவிடுகின்றன.

ஆகவே டப்பாவில் இருப்பது செத்த ஈஸ்ட். அது வயிற்றுக்குள் போய்ப் பொங்காது, பெருகாது. நாயின் காதிலும் விரலிடுக்கிலும் அரிப்பு உண்டாக்கும் பூஞ்சையை ‘ஈஸ்ட் தொற்று’ என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, இந்தத் தூளால் அது கூடிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது மலசீசியா என்ற வேறு பூஞ்சை. இரண்டுக்கும் பெயர் ஒற்றுமைதான் உறவு. ஈஸ்ட் புரதமே ஒத்துக்கொள்ளாத நாய்கள் சில உண்டு. அவற்றுக்குத் தூள் கொடுத்ததும் அரிப்பு கூடும், நிறுத்தினால் அடங்கும்.

தூளில் என்ன இருக்கிறது? 100 கிராமில் 40 முதல் 50 கிராம் வரை புரதம். அதில் தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் ஏறக்குறைய 3 கிராம். பி வகை வைட்டமின்கள் அநேகமாக எல்லாமே இருக்கின்றன, பி12 நீங்கலாக. பி12ஐ ஈஸ்ட் உண்டாக்குவதில்லை. டப்பாவின் மேல் அந்தப் பெயர் இருந்தால் தனியே கலந்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு கிலோ தூளில் பி1 சுமார் 100 மில்லிகிராம், நயாசின் 400 மில்லிகிராமுக்கு மேல், பயோட்டின் 1 மில்லிகிராம் அளவு. பாஸ்பரஸ் 100 கிராமுக்கு 1.4 கிராம் வரை போகும். கால்சியம் மிகக் குறைவு. ஆலைக்கு ஆலை இந்த எண்கள் கூடும் குறையும். ஆனாலும் பி1 எண்ணையும் பயோட்டின் எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு இவற்றை வைத்துத்தான்.

நாய்கள் காட்டிக்கொடுத்த வழி

இந்தத் தூளின் அருமை உலகத்துக்குத் தெரிந்ததில் நாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் ஏழைகளை வாட்டியது. தோல் கறுத்து வெடிக்கும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. அரசின் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவரான ஜோசப் கோல்ட்பெர்கர் இது தொற்றுநோய் கிடையாது, மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் பன்றிக் கொழுப்புமே மூன்று வேளைச் சாப்பாடாக இருப்பதால் வருவது என்று வாதாடினார். அதே சாப்பாட்டை நாய்களுக்குப் போட்டபோது அவற்றின் வாய் புண்ணாகி நாக்கு கறுத்தது. கருநாக்கு நோய் என்று கால்நடை மருத்துவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த நோய் அது. அந்தச் சப்பைத் தீனியை நாய்கள் தின்ன மறுத்ததால், பசியைத் தூண்ட உலர்ந்த ஈஸ்ட் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் தின்ற நாய்களுக்குக் கருநாக்கு வரவே இல்லை. 1927இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்து மக்கள் முகாம்களில் கிடந்தபோது, கோல்ட்பெர்கரின் யோசனைப்படி செஞ்சிலுவைச் சங்கம் பீர் ஈஸ்ட்டை வழங்கியது. அதிலிருந்த மருந்துப் பொருள் நயாசின் என்பது 1937இல் கான்ராட் எல்வெஜெம் கருநாக்கு வந்த நாய்களுக்குக் கொடுத்துக் குணப்படுத்தியபோதுதான் தெளிவானது. கோல்ட்பெர்கர் 1929லேயே இறந்துவிட்டார்.

நம் குன்னூருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகையை ஆராய 1928இல் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ராபர்ட் மெக்காரிசன் நடத்திவந்த குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் பணிசெய்தார். ரத்தசோகை வந்த குரங்குகளுக்கும், பிறகு அந்தப் பெண்களுக்கும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் உடம்பு தேறியது. 1931இல் அதை வெளியிட்டார். இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரைக்கு அதுவே ஆரம்பம்.

இந்தக் கதைகளைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த நாய்களும் குரங்குகளும் அந்தப் பெண்களும் தேறியதற்குக் காரணம், அவர்கள் சாப்பாட்டில் ஒரு சத்து இல்லாமலே போயிருந்தது. ஈஸ்ட் அதைக் கொண்டுவந்தது. சாப்பாட்டில் அந்தச் சத்து ஏற்கெனவே இருந்தால் ஈஸ்ட்டுக்குச் செய்ய வேலை இல்லை. உங்கள் நாய்க்கும் குதிரைக்கும் இதே சட்டம்தான்.

வாங்குமுன் பெயரைப் பாருங்கள்

கடையில் ஈஸ்ட் என்ற பெயரில் பல பொருள்கள் இருக்கின்றன. மாறிப்போனால் ஆபத்து வரக்கூடியது ரொட்டி ஈஸ்ட். அது உயிருள்ளது. ரொட்டிக்கும் பன்னுக்கும் பிசைந்து வைத்த மாவை நாய் எட்டித் தின்றுவிட்டால், வயிற்றின் கதகதப்பில் மாவு உப்பிக்கொண்டே போகும். வயிறு ஊதும். உள்ளேயே சாராயம் உண்டாகி ரத்தத்தில் ஏறும். நாய் தள்ளாடும், உடம்பு குளிரும், மயங்கி விழும். வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ரொட்டி ஈஸ்ட்டைச் சத்துக்காகச் சோற்றில் தூவுவதும் கூடாது.

குதிரைத் தீவனக் கடையில் ‘லைவ் ஈஸ்ட்’ என்று விற்பது இன்னொன்று. அதைப் பற்றிக் குதிரைப் பகுதியில் சொல்கிறேன். செலினியம் ஈஸ்ட் மூன்றாவது வகை. அது செலினியம் என்ற தாதுவைக் கொடுப்பதற்கான பொருள். கரண்டிக் கணக்கில் போடக்கூடியது கிடையாது. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 1 மில்லிகிராம் செலினியம் போதும். அளவு பல மடங்கு மீறினால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும், குளம்பில் சுற்றிலும் வெடிப்பு விழும். மனிதர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஈஸ்ட் சாறு உப்பு மிகுந்தது, நாய்க்கு ஆகாது. மாட்டுப்பண்ணைகளுக்கு லாரியில் வரும் பீர் ஆலைச் சக்கை பார்லியின் கோது. ஈஸ்ட்டின் குணங்களை அதில் தேடக் கூடாது. நம் வெயிலில் அது இரண்டொரு நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, கெட்டது உள்ளே போனால் வயிற்றுவலியில்தான் முடியும். லாயத்துக்குள் அதை விடாதீர்கள்.

ஹாப்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் பீர் காய்ச்சும் பழக்கம் பெருநகரங்களில் சிலரிடம் வந்திருக்கிறது. கொதித்து வடித்த ஹாப்ஸ் சக்கையைக் குப்பையில் போட்டு நாய் அதைத் தின்றால், உடல் சூடு கட்டுக்கு அடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கிரேஹவுண்ட் நாய்களில் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. அதே ஒல்லி உடல்வாகுள்ள சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. கடையில் வாங்கும்போது நாய்க்குக் கசப்பு நீக்கிய ஈஸ்ட்டாகவே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பூண்டு. தெள்ளுப்பூச்சிக்கு என்று விற்கும் பல ஈஸ்ட் மாத்திரைகளில் பூண்டும் சேர்ந்திருக்கும். பூண்டும் வெங்காயமும் நாய், குதிரை இரண்டின் சிவப்பணுக்களையும் உடைத்து ரத்தசோகை உண்டாக்கக்கூடியவை. தினமும் கொடுக்கும் பொருளில் பூண்டு இருக்கலாகாது. இனிப்பூட்டிய மனித மாத்திரைகளில் சைலிட்டால் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாய்க்கு அது விஷம்.

நாய்க்கு: கணக்கு சரியாக வரும் இடம்

20 கிலோ எடையுள்ள ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். வீட்டுச் சோறு தின்கிறது. காலையும் மாலையும் தயிர்ச்சாதம், வாரத்தில் ஒரு நாள் கறிக்குழம்பு எலும்பு. நம் ஊரில் ஆயிரக்கணக்கான நாய்கள் இப்படித்தான் வளர்கின்றன. அந்த எடைக்கு நாளுக்கு 1,000 கிலோகலோரி அளவு உணவும், அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல் பி1ம் வேண்டும். பட்டை தீட்டிய பச்சரிசியை வேகவைத்துக் கஞ்சி வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.02 மில்லிகிராம் பி1 இருந்தாலே அதிகம். அரைக் கிலோ சோறு 0.1 மில்லிகிராம். தயிரில் ஒரு 0.08 சேர்த்துக்கொண்டாலும் 0.2ஐத் தொடவில்லை. ஒரு தேக்கரண்டி பீர் ஈஸ்ட் ஏறக்குறைய 3 கிராம். அதில் 0.3 மில்லிகிராம் பி1. பள்ளம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. ஒரு தேக்கரண்டித் தூள் உண்மையில் வேலை செய்யும் இடம் இது.

புழுங்கலரிசிச் சோறு என்றால் நிலைமை கொஞ்சம் மேல். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், அரைத்தாலும் முழுதும் போவதில்லை. பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்ததும், புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது குறைந்திருந்ததும் அதனால்தான். நாய்க்குச் சமைப்பவர்கள் புழுங்கலரிசி போட்டு, கஞ்சியை வடிக்காமல் குழைய வேகவைத்தாலே பாதி வைத்தியம் நடந்துவிடும். அதற்குக் காசும் ஆகாது.

கடற்கரை ஊர்களில் மலிவான மீனைப் பச்சையாகப் போடும் பழக்கம் உண்டு. சில மீன்களில் பி1ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். மீன் போடுவதானால் வேகவைத்தே போடுங்கள்.

தயிர்ச்சாத நாய்க்கு ஈஸ்ட் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் தட்டில் புரதமும் கால்சியமும் துத்தநாகமும் நல்ல கொழுப்பும் குறைவாகவே இருக்கும். ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டில் ஒன்றேகால், ஒன்றரை கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். ‘ஈஸ்ட் போட்டும் முடி கொட்டுகிறதே’ என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: முட்டை போடுகிறீர்களா? வாரம் இரண்டு நாள் கொஞ்சம் கோழி ஈரல் வேகவைத்துப் போடுகிறீர்களா? ஈரல் தின்னும் நாய்க்கு ஈஸ்ட் டப்பாவின் தேவை குறையும். பி12 உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. முடி கொட்டுவதற்குச் சொறிப்பூச்சி, உண்ணி, தைராய்டுக் குறைவு என்று வேறு காரணங்கள் பல. அவற்றை ஈஸ்ட்டால் தீர்க்க முடியாது.

கம்பெனித் தீவனம் மட்டுமே தின்னும் நாய்க்கு வைட்டமின்கள் ஏற்கெனவே அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். பையின் பின்புறம் பொடி எழுத்தில் பாருங்கள், பல தீவனங்களில் பீர் ஈஸ்ட்டே ஒரு சரக்காக இருக்கும். அதன்மேல் இன்னும் தூவுவது ருசிக்கு உதவும், சத்துக்கு உதவாது. காய்ச்சலில் கிடந்து தேறும் நாய், வயதாகி மூக்கைச் சுளிக்கும் நாய் ஆகியவற்றைச் சாப்பிட வைக்க அந்த ருசி நல்ல உபாயம். கறி வாசனை போன்ற ஒன்று அதில் இருக்கிறது, நாய்களுக்குப் பிடிக்கும்.

அளவு: 10 கிலோவுக்குக் குறைந்த நாய்க்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி, 20 கிலோ வரை அரை முதல் ஒன்று, அதற்கு மேல் ஒன்று முதல் இரண்டு. இது நாள் முழுவதுக்குமான அளவு. முதல் இரண்டு மூன்று நாள் ஒரு சிட்டிகையில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். வாயு அதிகமானாலும் மலம் இளகினாலும் அளவைப் பாதியாக்குங்கள். பி1 சூட்டில் அழியும். ஆகவே சோறு ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

தெள்ளுப்பூச்சி விஷயம்

ஈஸ்ட் தின்ற நாயின் வியர்வை நாற்றத்துக்குத் தெள்ளுப்பூச்சி கிட்டே வராது என்பது உலகம் முழுக்க உலவும் நம்பிக்கை. அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஈஸ்ட் தின்ற நாய்களையும் தின்னாத நாய்களையும் ஒப்பிட்டு 1983இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு, பூச்சி எண்ணிக்கையில் பலன் எதுவும் இல்லை என்று காட்டியது. பி1 மாத்திரையை மட்டும் கொடுத்துச் செய்த இன்னொரு சோதனை அதற்கு முந்தைய ஆண்டே அதே முடிவைச் சொல்லியிருந்தது. தெள்ளுப்பூச்சிக்கு மருத்துவர் தரும் சொட்டு மருந்தோ மாத்திரையோ வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். ஈஸ்ட்டை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் பூச்சி பெருக இடம் கொடுக்கிறீர்கள்.

டால்மேஷனுக்கு வேண்டவே வேண்டாம்

ஈஸ்ட்டில் பியூரின் என்ற பொருள் மிகுதி. உடம்பில் அது யூரிக் அமிலமாக மாறும். மற்ற நாய்களின் ஈரல் அதை எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். டால்மேஷன் நாய்களுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை. யூரிக் அமிலம் ஈரல் செல்லுக்குள் சரியாக நுழைவதில்லை. அதனால் சிறுநீரில் யூரிக் அமிலம் அப்படியே வந்து, பையில் கல்லாகச் சேரும். ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குறுகல். கல் போய் அடைத்துக்கொண்டால் ஒரு நாள் தாமதமும் உயிரைக் குடிக்கும். இங்கிலீஷ் புல்டாக் நாய்களிலும் இந்தக் குறை இருக்கிறது.

டால்மேஷன் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் கோச்சு வண்டிகளோடு ஓடிய நாய், குதிரை லாயத்திலேயே படுத்து வளர்ந்த இனம். இன்றும் குதிரை வைத்திருப்பவர்கள் ஆசைப்பட்டு வளர்க்கும் நாய் அது. குதிரைத் தொட்டியில் சிந்திய ஈஸ்ட் தவிட்டை நக்கவும் அதை விடக் கூடாது. ஈரல் கோளாறு உள்ள நாய், யூரேட் கல் ஒரு முறை வந்த நாய், பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளி நாய் ஆகியவற்றுக்கும் இந்தத் தூள் ஆகாது.

குதிரைக்கு: கணக்கு சுருங்கும் இடம்

இப்போது அதே டப்பாவைக் குதிரையிடம் எடுத்துப் போவோம். 500 கிலோ எடையுள்ள குதிரை சும்மா நிற்கும் நாளில் அதற்கு 30 மில்லிகிராம் பி1 வேண்டும். கடுமையாக ஓடும் நாளில் 60க்கு மேல். வழக்கமாகச் சொல்லப்படும் 50 கிராம் ஈஸ்ட்டில் இருப்பது 5 மில்லிகிராம். ஒரு கிலோ ஓட்ஸிலேயே 6 மில்லிகிராம் அளவு இருக்கிறது. அதோடு குதிரையின் பெருங்குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கும்போதே பி வைட்டமின்களை உண்டாக்குகின்றன. நல்ல புல்லும் உலர்புல்லும் வயிறாரத் தின்னும் குதிரைக்கு இந்த ஐந்து மில்லிகிராம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

குளம்புக் கணக்கு இதைவிட மோசம். பயோட்டின் குளம்பை உறுதியாக்கும் என்பது உண்மை. லிப்பிசானர் குதிரைகளுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 1995இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. ‘ஈஸ்ட்டில் பயோட்டின் இருக்கிறது, ஆகவே ஈஸ்ட் குளம்புக்கு நல்லது’ என்று அதிலிருந்து தாவிவிடுகிறார்கள். 50 கிராம் ஈஸ்ட்டில் பயோட்டின் 0.05 மில்லிகிராம். இருபதை எட்ட தினமும் 20 கிலோ ஈஸ்ட் போட வேண்டும். குளம்பு வெடிக்கிறது என்றால் பயோட்டினைத் தனியாக வாங்குங்கள். குளம்பு முழுவதும் புதிதாக வளர 9 முதல் 12 மாதம் ஆகும், அதுவரை விடாமல் கொடுங்கள். அதற்கும் முன்னால் லாடம் அடிப்பவரை ஆறு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்லுங்கள், லத்தியும் மூத்திரமும் தேங்காத காய்ந்த தரையில் குதிரையை நிறுத்துங்கள்.

அப்படியானால் குதிரைக்கு ஈஸ்ட் வேண்டவே வேண்டாமா? சில இடங்களில் கொடுக்கலாம். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் மருந்து தின்று குடல் நுண்ணுயிர்கள் குலைந்திருக்கும்போது கொடுக்கலாம். பல் தேய்ந்து புல்லை மெல்ல முடியாமல் ஊறவைத்த தீனியிலேயே வாழும் கிழக்குதிரைக்குக் கொடுக்கலாம். வெயில் காலத்தில் தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்கும் குதிரைக்கு ருசிக்காகக் கொடுக்கலாம். சுற்றுலாத் தலங்களில் நாளெல்லாம் சவாரி சுமந்து, புல் கிடைக்காமல் கொள்ளும் தவிடுமாகவே தின்னும் மட்டக் குதிரைகளுக்கும் அது கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் அவற்றுக்கு உண்மையில் வேண்டியது இன்னொரு கட்டுப் புல். ஈஸ்ட் வாங்கும் பணத்தில் புல் வாங்க முடியுமானால் புல்லையே வாங்குங்கள் என்பேன்.

பால்குடி மறந்த குட்டிக்கு லைசின் வேண்டும் என்று ஈஸ்ட் போடுவதையும் பார்க்கிறேன். பெரிய இனக் குதிரையின் ஆறு மாதக் குட்டிக்கு நாளுக்கு 29 கிராம் அளவு லைசின் தேவை. 100 கிராம் ஈஸ்ட் 3 கிராம் கொடுக்கும். சோயா பிண்ணாக்கும் எடைக்கு எடை ஏறக்குறைய அதே லைசினைக் கொடுக்கும், விலையோ பல மடங்கு குறைவு. குட்டி வளர்ப்பவர் காசைச் சோயாவில் போடட்டும்.

கொடுப்பதென்றால் 500 கிலோ குதிரைக்கு 30 முதல் 60 கிராம், 300 கிலோ மட்டக்குதிரைக்கு 20 முதல் 35 கிராம். பத்து நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டும். கசப்பு பிடிக்காத குதிரைக்கு ஈரத் தவிட்டில் பிசறி ஒரு துண்டு வெல்லத்தைக் கரைத்து விடலாம். வேகவைத்த கொள்ளில் கலப்பதானால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொள்ளு ஆறட்டும்.

ஈஸ்ட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது எலும்பைக் கெடுக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 50 கிராமில் 0.7 கிராம்தான். ஒரு கிலோ கோதுமைத் தவிட்டில் 10 கிராமுக்கு மேல் பாஸ்பரஸ், கால்சியமோ ஒன்றரை கிராம்கூட இல்லை. தவிட்டைக் கிலோ கிலோவாகப் போட்டு, கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை மட்டும் அறுத்துப் போட்டால், புல்லிலுள்ள ஆக்சலேட் இருக்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். முகத்தெலும்பு வீங்கி, கால் நொண்டும். பயப்பட வேண்டியது அதற்கே. தவிட்டைக் குறைத்து, தீவனத் தரக் கால்சியம் கார்பனேட்டை மருத்துவர் சொல்லும் அளவில் சேருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு அதற்கு மாற்றாகாது, வாயையும் குடலையும் வேக வைத்துவிடும்.

லைவ் ஈஸ்ட் என்பது வேறு கணக்கு. உயிருள்ள, குறிப்பிட்ட வகை ஈஸ்ட்டைக் குறைந்த அளவில் தினமும் கொடுத்தால், அது பெருங்குடலில் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குத் துணைநிற்கிறது, தானியம் அதிகம் தின்னும் குதிரையின் குடல் புளிப்பதை ஓரளவு தடுக்கிறது. குடலில் அது நிலையாகக் குடியேறாது, நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். சூடான தீனியில் போட்டால் செத்துவிடும். பந்தயக் குதிரைக்கும் தானியத் தீனிக் குதிரைக்கும் இதை யோசிக்கலாம். செத்த ஈஸ்ட்டிடம் இந்த வேலையை எதிர்பார்க்காதீர்கள்.

வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

டப்பாவில் எழுதியிருக்கும் புரத அளவு, நைட்ரஜனை அளந்து கணக்கிட்ட எண். நைட்ரஜன் இருக்கும் எதைக் கலந்தாலும் அந்த எண் ஏறும். 2007இல் கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்து, அதைக்கொண்டு செய்த தீவனம் தின்ற அமெரிக்க நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தது அப்படித்தான். ஆகவே பெயர் இல்லாத சாக்கிலிருந்து அள்ளிக் கட்டிக் கொடுக்கும் தூளை வாங்காதீர்கள். தயாரித்த தேதி, தொகுதி எண், தயாரித்தவர் முகவரி இருக்கட்டும். மூட்டை மூட்டையாக வாங்கும் லாயக்காரர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல தூள் உதிரியாக இருக்கும். வறுத்த கடலையும் பழைய ரொட்டியும் கலந்தது போன்ற மணம் வரும். ஈரம் இழுக்கும் பொருள் ஆனதால் கடலோர ஊர்களில் சீக்கிரம் கட்டிபிடிக்கும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். கட்டியோ புளித்த நெடியோ வந்தால் எறிந்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள்.

தொடங்கும் நாளில் வெயிலில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீவனத்தில் வேறு எதையும் மாற்றாமல் இரண்டு மாதம் கொடுத்து, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் பிராணிக்கு அந்தச் சத்து குறையவில்லை. நிறுத்திவிடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, கால் பின்னித் தள்ளாடும் நாய், தலையைத் தொங்கவிட்டுக் கால்களை ஒழுங்கில்லாமல் வீசி நடக்கும் குதிரை, இவற்றுக்கு உண்மையிலேயே பி1 இல்லாமல் போயிருக்கலாம். வேறு பெரிய நோயாகவும் இருக்கலாம். அந்த நிலையில் தேக்கரண்டியால் ஈஸ்ட் கொடுத்துக்கொண்டு நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். பி1 குறைவுதான் என்றாலும் அதற்கு ஊசி போட வேண்டும், அன்றைக்கே போட வேண்டும்.